பெயர்கள் பொருந்தவில்லை

நள்ளிரவோடு முடிகிறதாம்
முப்பது சதவீதக் கூடுதல்.
ஸ்விண்டனில் மழை.
அடுக்களை மேசையில் மடிக்கணினி,
பாதி தின்ற டோஸ்ட்,
அட்டைக் கணக்கில்
எழுபத்தோராயிரத்து நானூறு புள்ளிகள்.

பெரும்பாலானவற்றை எனக்கு நேரில் தெரியும்.
பாய்லர் செத்த ஜனவரியில்
இரண்டாயிரத்து முன்னூறு.
ஐந்து குட்டி ரவுண்டானாக்கள் கூடி
ஒரு பெரிய ரவுண்டானாவாய்ச் சுற்றும்
அந்தச் சந்திப்பில் வெடித்த டயருக்கு
நூற்றுப் பத்து.
மகனின் பல்கம்பிக்கு மூவாயிரம்.
விவாகரத்து வக்கீலுக்குக் கட்டியதில்
நாலாயிரத்து அறுநூறு:
கல்யாணத்தில் மிஞ்சியது என்று
எதையாவது காட்டச் சொன்னால்
இதைத்தான் காட்டுவேன்.
சேர்ந்தவுடன் வரவேற்பாய் வந்த இருபதாயிரத்தோடு மட்டும்
எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

ஓட்டலுக்கு மாற்றினால் ஒன்றுக்கு இரண்டு.
கேட்க நன்றாயிருக்கிறது.
போன வருஷம் நாற்பதாயிரமாயிருந்த அறை
இப்போது அறுபதாயிரம்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாவதை
நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.
விமானத்துக்கு ஒன்றுக்கு ஒன்று,
இன்றைக்கு மட்டும் ஒன்றேகால் சொச்சம்.

லிமாவுக்கு ஒரு இருக்கை,
கால் நீட்டிப் படுக்கிற மாதிரி.
தொண்ணூறாயிரம்.
லிமாவில் எனக்கு யாரும் இல்லை.
அதுதான் லிமா.
திரும்பி வருவதைப் பிறகு யோசிக்கலாம்.

மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது
என்று சிவப்பில் எழுதியிருந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தேன், மூன்று தரம்.
போட்டேன்.
ஆறு வாங்க மறுத்துவிட்டது:
பெயர்கள் பொருந்தவில்லை.

வங்கிக்கு நான் தமயந்தி முத்துக்கருப்பன்.
பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி.
காலி இடத்தை விமானம் பொறுக்காது,
இருந்ததையே இரண்டு முறை எழுதிக்கொண்டது:
தமயந்தி தமயந்தி.
ஓட்டல்காரர்களுக்கோ நான் திரு. முத்துக்கருப்பன்.
என் பிறந்தநாள்தோறும் அவருக்கு
முக மசாஜில் தள்ளுபடி தருகிறார்கள்.

பதினொன்று இருபதுக்கு போன் எடுத்தவன் ஃபெர்கஸ்,
கிளாஸ்கோ குரல்.
முத்துக்கருப்பன் உங்கள் கணவரா?
அப்பா.
அவரும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறாரா?
இல்லை, நான்தான் அவரைப் பயன்படுத்துகிறேன்.

கொஞ்சம் மௌனம்.
முன்னெழுத்து என்று ஒன்று உண்டு,
ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும்,
இங்கே வந்ததும் அதை விரித்துப்
பின்னால் கட்டிவிடுகிறார்கள் என்றேன்.
புள்ளி என்றதும்
எந்தப் புள்ளி என்று கேட்டான்.
பிறகு பொறுமையாய் எழுத்துக்கூட்டினான்
என் அப்பாவின் பெயரை:
எம் ஃபார் மதர்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
ஏற்றுக்கொள்ளப்பட்டது.
வந்து சேர மூன்று வேலைநாள்.

புதன்கிழமை வந்தன,
தொண்ணூற்றிரண்டாயிரத்து எண்ணூற்று இருபது,
புது வீட்டில் புது எண்ணிக்கையோடு.
லிமா இருக்கை போய்விட்டிருந்தது.
பெயர் பொருந்திய யாரோ.

மிச்சமிருந்தது டிபிலிசி,
நவம்பர், செவ்வாய்க்கிழமை.
அந்த வாரம் மகன் அவன் அப்பா வீட்டில்.
தேடிப் பார்த்தேன், மலை இருக்கிறது,
வெந்நீர் ஊற்று இருக்கிறது.
சரி.

டிக்கெட் இலவசம்.
வரியும் கட்டணமும் மட்டும்
நூற்று எண்பத்தேழு பவுண்டு.
அதே அட்டையில் கட்டினேன்.
நூற்று எண்பத்தேழு புள்ளிகள்
பூஜ்யத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

டிக்கெட்டில் பெயர் முழுசாய் வந்திருக்கிறது,
பாஸ்போர்ட்டில் பாதிதான்.
மறுபடியும் போன்.
இருபத்தாறு நிமிஷம் பியானோ.
ஃபெர்கஸுக்கு விடுமுறையாம்,
வேறொரு பெண் கேட்டாள்:
முத்துக்கருப்பனும் உங்களோடு பயணம் செய்கிறாரா?

யோசிக்க வேண்டியிருந்தது.
பெயரளவில், என்றேன்.